வயலின் வகுப்பில் நாலு மாதமாகப் பாட்டுதான் நடக்கிறது, இது சரிதானா?

உறையூர்_அம்மா (ஞாயிறு, காலை 9:40)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. ஜூன் மாதம் வயலின் வகுப்பில் சேர்த்தோம். அரை அளவு வயலின், வில், வில்லில் தேய்க்கும் ரோசின், பெட்டி எல்லாம் வாங்கியாயிற்று. இப்போது அக்டோபர். இதுவரை அவள் வாசித்தது என்று பார்த்தால், விரலே வைக்காமல் வெறும் தந்தியில் வில்லை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை இழுப்பது மட்டும்தான். ஸ, ப. ஸ, ப. மீதி நேரமெல்லாம் பாட்டு. ஆரம்பப் பாடங்களான சரளி வரிசை, ஜண்டை வரிசை இரண்டையும் தாளம் போட்டு மூன்று காலத்திலும், அதாவது மூன்று வேகத்திலும், பாடுகிறாள். வயலின் பாதி நேரம் பெட்டிக்குள்ளேதான் தூங்குகிறது.

சாரிடம் கேட்டேன். "வாய்க்கு வராதது கைக்கு வராதும்மா" என்றார், அவ்வளவுதான். அதிகம் பேசாத மனிதர். எங்கள் குடியிருப்பிலேயே இன்னொரு பெண் வேறு இடத்தில் சேர்ந்து மூன்று மாதத்தில் பிறந்தநாள் பாட்டு வாசித்துக் காட்டிவிட்டாள். அன்றிலிருந்து என் மாமியார், "பாட்டு கிளாசுக்கா இத்தனை ரூபாய்க்கு வயலின் வாங்கினீங்க?" என்று தினம் ஒரு முறையாவது கேட்காமல் விடுவதில்லை.

என் கேள்வி இரண்டு. இப்படிச் சொல்லிக்கொடுப்பது வழக்கம்தானா? சார் யாரிடம் கற்றார், எங்கே வாசித்திருக்கிறார் என்று நான் கேட்கவே இல்லை, பக்கத்துத் தெரு என்பதால் சேர்த்துவிட்டேன். இப்போது போய்க் கேட்டால் தப்பாக நினைப்பாரோ?

---

கிரேடு_ஐந்து (ஞாயிறு, காலை 10:15)

நான் மேற்கத்திய வயலின். சென்னையில் தேவாலயப் பாடகர் குழுவோடு வாசித்துப் பழகியவன், டிரினிட்டி தேர்வுகள் எழுதியிருக்கிறேன். எங்கள் முறையிலும் ஆரம்பத்தில் சில வாரம் வெறும் தந்திதான். ஆனால் நாலு மாதம் விரலே வைக்காமல் இருப்பது ரொம்ப அதிகம். எட்டு வயதுக் குழந்தைக்கு ஆர்வம் போய்விட்டால் பிறகு எந்த முறையாலும் மீட்க முடியாது. ஆசிரியரை மாற்றுவதைப் பற்றி யோசியுங்கள்.

---

பழைய_ரசிகன் (ஞாயிறு, காலை 11:30)

மாற்றாதீர்கள் அம்மா. ஒரு வார்த்தை சொன்னாலும் சரியான வார்த்தை சொல்லியிருக்கிறார் அந்த மனிதர்.

கர்நாடக சங்கீதத்தில் பெரிய வயலின் வித்வான்களின் கதையை எடுத்துப் பாருங்கள், பின்னால் ஒரு பாட்டுக்காரர் இருப்பார். மைசூர் சௌடையா, ஏழு தந்தி போட்ட வயலின் வாசித்தாரே, அவருடைய குரு பிடாரம் கிருஷ்ணப்பா வாய்ப்பாட்டு வித்வான். டி.என். கிருஷ்ணனுக்கு வயலினைக் கையில் கொடுத்தவர் அப்பா நாராயணய்யர். ஆனால் சங்கீதம் பழுத்தது செம்மங்குடி சீனிவாசய்யரின் நிழலில். அந்தச் செம்மங்குடியின் தாய்மாமன் யார் தெரியுமா? திருக்கோடிகாவல் கிருஷ்ணய்யர். வயலின்! பாட்டும் வயலினும் இப்படித்தான் மாற்றி மாற்றிப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அடுத்து லால்குடி ஜெயராமன் (1930–2013). தியாகராஜரின் நேர்ச் சீடரான லால்குடி ராமய்யரின் பரம்பரை. அப்பா கோபாலய்யர்தான் குரு. 12 வயதில் பக்கவாத்தியம் வாசிக்க உட்கார்ந்தாயிற்று. அவர் வில்லைக் கேட்டால் கீர்த்தனையின் எழுத்து எழுத்தாகக் காதில் விழும். எங்கே வார்த்தை முடிகிறதோ அங்கேதான் வில் திரும்பும். அவரிடம் கற்றவர்களில் பாம்பே ஜெயஸ்ரீ, விசாகா ஹரி, சாகேதராமன் எல்லாரும் பாடுகிறவர்கள். பாட்டுக்காரர்களையே உருவாக்கியிருக்கிறார் ஒரு வயலின்காரர். இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

பிறந்தநாள் பாட்டு வாசிக்க வயலின் எதற்கு? அதைக் கைபேசியே வாசிக்கும்.

---

வில்லடி (ஞாயிறு, மாலை 4:05)

நான் வயலின் சொல்லிக்கொடுக்கிறவன், கும்பகோணம் பக்கம். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ரசிகன் சார் சொன்ன பெரியவர்கள் எல்லாம் உண்மைதான். ஆனால் கோபாலய்யர் வீட்டில் பிறந்த பிள்ளையைக் காட்டி உறையூர்க் குழந்தைக்கு நியாயம் சொல்ல முடியாது. தூளியில் படுத்திருக்கும்போதே தோடி ராகம் கேட்ட குழந்தைகள் அவர்கள். நம் பிள்ளைகள் கேட்பது வேறு.

என் கதையைச் சொல்கிறேன், எதற்கென்று பின்னால் புரியும். என் குருநாதர் ஹரிகதைக்கு, அதாவது பாட்டும் பேச்சுமாகப் புராணக் கதை சொல்லும் நிகழ்ச்சிக்கு, வாசித்தவர். பாகவதர் கதை சொல்லிக்கொண்டே போவார். திடீரென்று ஒரு விருத்தம், இரண்டு வரி நொண்டிச்சிந்து, அப்புறம் சாகி என்ற மராட்டிப் பாட்டு. எது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. வயலின்காரர் பாகவதரின் உதட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார். இப்படி முப்பது வருடம் வாசித்தவர் சிஷ்யனுக்கு எதை முதலில் சொல்லிக்கொடுப்பார்? பின்னாலேயே ஓடி வருவதைத்தான்.

எனக்கு இரண்டாவது வாரமே விரல் வைக்கச் சொன்னார். அவர் ஒரு பிடி, அதாவது ராகத்தின் ஒரு சின்னத் துண்டு, பாடுவார், நான் வாசிக்க வேண்டும். தப்பினால் திருத்த மாட்டார், மறுபடி பாடுவார். ஏழெட்டு முறை தப்பினால் வெற்றிலைச் செல்லத்தைத் திறந்துவிடுவார். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான் என்று அர்த்தம். ஒருநாள்கூட "விரலைக் கொஞ்சம் மேலே வை" என்று அவர் சொன்னதில்லை.

பலன் என்ன? எந்தப் பாடகருக்கும் நான் வாசித்துவிடுவேன், தெரியாத பாட்டென்றாலும் ஒட்டிக்கொண்டே போய்விடுவேன். ஆனால் என் வில் சன்னமாக, குட்டை குட்டையாக இருந்தது. பிறகு சென்னையில் இசைக் கல்லூரியில் சேர்ந்தபோது ஆசிரியர் முதல் நாளே கண்டுபிடித்துவிட்டார். "உனக்குக் காது இருக்கிறது, நாதம் இல்லை" என்றார். இருபது வயதில் உட்கார்ந்து மறுபடி வெறும் தந்தியில் நீள வில் இழுத்தேன், ஆறு மாதம். கூடப் படித்தவர்கள் பேகடா வர்ணம் வாசித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் ஸ, ப. அந்த அவமானம் இன்னும் மறக்கவில்லை.

ஆகையால் அம்மா, உங்கள் மகள் எட்டு வயதில் செய்வதை நான் இருபது வயதில் செய்தேன். வில்தான் மூச்சு. விரலைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம். கோணல் வில் படிந்துவிட்டால் அதை எடுப்பது தென்னங்கீற்றிலிருந்து ஈர்க்கு உருவுவது மாதிரி, ஒவ்வொன்றாக உருவ வேண்டும்.

ஆனாலும் நான் நாலு மாதம் நிறுத்த மாட்டேன். ஆறு வாரத்தில் முதல் விரல் வைப்பேன். இது என் குருநாதரின் பழக்கம் எனக்குள் இருப்பதால் வருவது. உங்கள் சார் எங்கிருந்து வந்தவர் என்று தெரிந்தால் அவர் ஏன் நிறுத்துகிறார் என்றும் தெரியும். கேளுங்கள். யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் எந்தச் சங்கீதக்காரனும் கோபித்துக்கொள்ள மாட்டான், பேச்சைத்தான் நிறுத்த மாட்டான்.

---

ராத்திரி_சாதகம் (ஞாயிறு, இரவு 11:50)

முப்பத்தெட்டு வயதில் ஆரம்பித்தவனின் புலம்பலையும் கேளுங்கள். பகலெல்லாம் கம்ப்யூட்டர் வேலை, ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் வயலின். கீழ்வீட்டுக்காரர் நல்லவர்.

முதலில் ஒரு இணைய நிறுவனத்தில் 24 வகுப்புக்குப் பணம் கட்டினேன். ஒவ்வொரு மாதமும் வேறு ஆசிரியர். ஒருவர் நீள வில் என்றார். அடுத்தவர் வந்து, "அதெல்லாம் வேண்டாம், நேரே பாட்டுக்குப் போவோம்" என்றார். மூன்றாமவர் நான் வில்லைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்துவிட்டு, "யார் சொல்லிக்கொடுத்தது?" என்று என்னையே கேட்டார். இது போதாதென்று நான் நீளமாக வில் இழுக்கும்போதெல்லாம் அவர்களுக்குச் சத்தமே போகவில்லை. வீடியோ அழைப்பில் பின்னணி இரைச்சலை வெட்டும் வசதி இருக்கிறதே, அது ஒரே சுரம் நீண்டு ஒலித்தால் மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அமுக்கிவிடுகிறது. ஜூமில் 'ஒரிஜினல் சவுண்ட்' என்பதைப் போட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது பதினோராவது வகுப்பில். தம்புராவோடு சேர்ந்து வாசிப்பதும் நடக்காது, ஒலி தாமதமாகத்தான் போய்ச் சேரும்.

இப்போது நேரில் ஒரு அம்மாவிடம் போகிறேன். போன முதல் நாள், "பாடு" என்றார். எனக்குப் பாட வராது, அதனால்தான் வயலின் எடுத்தேன் என்றேன். சிரித்தார். "கச்சேரிக்கா கேட்டேன்? ஸ சேர்கிறதா என்று பார்க்கிறேன்" என்றார். சேரவில்லை. மூன்று வாரம் வெறும் ஸ, ப, மேல் ஸ. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் இப்போது விரல் தப்பினால் எனக்கே தெரிகிறது. முன்பு தெரியாது, நன்றாக வாசிக்கிறேன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். கீழ்வீட்டுக்காரர் எவ்வளவு நல்லவர் என்று இப்போதுதான் புரிகிறது.

---

கிரேடு_ஐந்து (திங்கள், காலை 8:20)

மாற்றச் சொன்னதைக் கொஞ்சம் அவசரப்பட்டுச் சொல்லிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் "பாட்டு முதலில்" என்பது ஏதோ நமக்கு மட்டும் சொந்தம் என்பதுபோலப் பேசுவதை ஏற்க முடியாது.

ஜப்பானில் ஷினிச்சி சுசூகி (1898–1998) செய்ததும் காதிலிருந்து தொடங்குவதுதான். நகோயாவில் வயலின் தொழிற்சாலை வைத்திருந்தவரின் மகன். வீடு முழுக்க வயலின், ஆனால் சிறுவயதில் அவருக்கு அது விளையாட்டுச் சாமான். வயலின் கலைஞர் மிஷா எல்மனின் ஒரு இசைத்தட்டைக் கேட்ட பிறகுதான் பதினேழு வயதில் தானே எடுத்துப் பழக ஆரம்பித்தார். அப்புறம் பெர்லின் போய் கார்ல் கிளிங்லரிடம் கற்றார். வயது ஏறித் தொடங்கி, புரியாத மொழி பேசும் ஊரில் திணறிய மனிதர். 'எல்லா ஜப்பானியக் குழந்தையும் ஜப்பானிய மொழி பேசுகிறதே, அது எப்படி?' என்ற கேள்வி அவருக்குத் தோன்றியதில் ஆச்சரியமே இல்லை. தாய்மொழி மாதிரி முதலில் கேட்க வேண்டும், திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும், எழுத்து பிறகு. அம்மாவோ அப்பாவோ வகுப்பில் கூடவே உட்கார வேண்டும், வீட்டில் அவர்கள்தான் ஆசிரியர்.

ஆனால் கேட்கச் சொன்னாரே தவிர வயலினைப் பெட்டியில் பூட்டி வைக்கச் சொல்லவில்லை. 'ட்விங்கிள் ட்விங்கிள்' மெட்டை வெவ்வேறு தாளக்கட்டில் வாசிக்க வைத்துத்தான் ஆரம்பமே.

இன்னொன்று. எங்கள் பக்கம் சின்னக் குழந்தைகளுக்கு ஃபிங்கர் போர்டில் வண்ண ஸ்டிக்கர் ஒட்டுவோம். விரல் எங்கே விழ வேண்டும் என்று கண்ணுக்குத் தெரியும். உங்கள் ஆட்கள் அதைப் பாவம் மாதிரி பார்ப்பது ஏன்?

---

வில்லடி (திங்கள், இரவு 9:30)

பாவமில்லை, நானும் ஒட்டியிருக்கிறேன். ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு வெள்ளை நூல் கட்டிக்கூடக் கொடுத்திருக்கிறேன். மூன்று மாதத்தில் அவிழ்த்துவிடுவேன். அவிழ்க்கும் அன்றைக்கு அழுகைதான். கண்ணை நம்பிப் பழகியதைத் திடீரென்று பிடுங்குகிறோமே.

மேற்கத்திய முறையில் ஸ்டிக்கர் நிலைப்பதற்கும் இங்கே நிலைக்காததற்கும் காரணம் உண்டு. உங்களுக்கு ஒரு சுரத்துக்கு ஒரு இடம். எங்களுக்குச் சுரம் ஒரு இடத்தில் உட்காருவதே இல்லை. தோடியின் காந்தாரத்துக்கு எங்கே ஸ்டிக்கர் ஒட்டுவீர்கள்? அது ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட்டு அசைந்துகொண்டே இருக்கும். வீணையில் விரலுக்கு இடம் காட்டும் மெட்டுக்கட்டை இருக்கிறது, புல்லாங்குழலில் துளை இருக்கிறது. இதில் ஒன்றுமில்லாத கருப்புப் பலகை. அந்த ஒன்றுமில்லாமைக்காகத்தான் நம்மவர்கள் இந்த வாத்தியத்தைச் சுவீகாரம் எடுத்தார்கள் என்பது என் எண்ணம்.

பாலுசுவாமி தீட்சிதர் (1786–1858), முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி, மணலியில் ஒரு ஐரோப்பியரிடம் இதைக் கற்றார். தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவுக்குச் சுவாதித் திருநாள் மகாராஜா 1834-இல் தந்தத்தால் ஆன வயலினே பரிசு கொடுத்தார். வெள்ளைக்காரர் நின்றுகொண்டு, தாடைக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வாசித்த பெட்டி இங்கே சம்மணமிட்டு உட்கார்ந்தது. தலைப்பகுதியை வலது கணுக்காலில் முட்டுக் கொடுத்து, அடிப்பகுதியை நெஞ்சில் சாய்த்துக்கொள்கிறோம். இடது கை வாத்தியத்தைத் தாங்கவே வேண்டாம், முழுக்க விடுதலை. ஜாரு, அதாவது தந்தியில் விரலை வழுக்கிக்கொண்டு, வாசிக்கும்போது கை மேலும் கீழும் ஓடுவது அதனால்தான். உங்கள் நான்கு தந்தியும் ஐந்தைந்து சுரம் தள்ளி. எங்களுடையது ஸ, ப, ஸ, ப.

குழந்தைகளுக்கு மாயாமாளவகௌளை ராகத்தில் ஆரம்பிப்பது ஏன் என்று கேட்டால் புரந்தரதாசர் வைத்தார் என்பார்கள். சரி. ஆனால் வயலின்காரனுக்கு இன்னொரு லாபம் அதில் உண்டு. ஸ-தந்தியில் ரி ஒட்டினாற்போல் பக்கத்தில், க எட்டிப் போய், ம மறுபடி க-வை ஒட்டி. அப்படியே ப-தந்திக்குப் போங்கள், த பக்கத்தில், நி எட்டி, மேல் ஸ ஒட்டி. இரண்டு தந்தியிலும் கையின் வடிவம் ஒன்றேதான்! ஒரு தந்தியில் கை பழகினால் மற்றது இலவசம். எனக்கே இது சொல்லிக்கொடுக்க ஆரம்பித்து ஐந்தாறு வருடம் கழித்துத்தான் உறைத்தது.

ஸ்டிக்கருக்குத் திரும்புகிறேன். என் குருநாதர் வீட்டில் சாயங்காலம் மின்வெட்டு வந்தால் விளக்கு ஏற்ற விட மாட்டார். "வாசி" என்பார். இருட்டில் பலகை தெரியாது, விரல் தெரியாது, அவர் முகமும் தெரியாது. கொசுவும் தம்புராவும்தான் சுருதி. வெளிச்சத்தில் நான் வாசித்ததைவிட அது சுத்தமாக இருந்தது. இன்றைக்கும் மாதம் ஒருநாள் என் வகுப்பில் விளக்கை அணைத்துவிடுகிறேன். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். பெற்றோரில் ஒருவர் மட்டும், கரண்ட் பில் கட்டவில்லையா என்று விசாரித்தார்.

---

கொக்குவில்_பொடியன் (செவ்வாய், காலை 6:10)

யாழ்ப்பாணத்தில் படித்தவன், இப்ப கனடாவில். எங்கட பக்கம் வட இலங்கை சங்கீத சபைப் பரீட்சை என்று ஒன்று உண்டு. தரம் தரமாக ஏறி 'கலாவித்தகர்' வரை போகலாம். அதில் ஒரு நன்மை, ஆசிரியர் மாறினாலும் பாடத்திட்டம் மாறாது. பிள்ளை எங்கே நிற்கிறது என்று தாய் தகப்பனுக்கும் விளங்கும். ஒரு கெடுதலும் உண்டு. பரீட்சைக்கு வரும் பாட்டு உருப்படி மட்டும் மணிமணியாக வரும், பக்கத்து வீட்டு ஆள் ஒரு தேவாரம் பாடினால் கூட வாசிக்கத் தெரியாது. எனக்கு அதுதான் நடந்தது. கோயிலில் ஓதுவார் பாடிக்கொண்டு போக நான் சுருதியை மட்டும் பிடித்துக்கொண்டு இருந்தேன். வில்லடி ஐயாவின் குருநாதர் என்னைக் கண்டிருந்தால் வெற்றிலைப் பெட்டியைத் திறந்தபடியே வைத்திருப்பார்.

---

பழைய_ரசிகன் (செவ்வாய், காலை 11:00)

வில்லடி அவர்களே, நாதம், வில் என்று பேச்சு வந்தபின் துவாரம் வெங்கடசாமி நாயுடுவைச் சொல்லாமல் விடலாமா? 1893–1964. பார்வை குறைவு. அண்ணனிடம் ஆரம்பப் பாடம். 1919-இல் ஆந்திராவின் விஜயநகரம் இசைக் கல்லூரிக்கு மாணவனாகச் சேரப் போனவரை ஆசிரியராகவே வைத்துக்கொண்டார்கள் என்பார்கள். பிறகு அங்கேயே முதல்வரானார். அந்த வில்லின் கனம் பழைய இசைத்தட்டின் கீறல் சத்தத்தையும் மீறி வரும். இருட்டில் வாசிப்பதைச் சொன்னீர்களே, அவருக்கு அது பாடமில்லை, வாழ்க்கை.

மறுபக்கம் பரூர் வழி. பரூர் சுந்தரமய்யர் பம்பாய் போய் இந்துஸ்தானியும் பிடித்துக்கொண்டு வந்தவர். மகன் எம்.எஸ். கோபாலகிருஷ்ணன் இந்துஸ்தானிப் பாடகர் ஓம்கார்நாத் தாக்கூருக்கே வாசித்தார். ஒரே தந்தியில் அவர் விரல் மேலும் கீழும் பறப்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். அது அசுர சாதகம், அசுரப் பயிற்சி. பாட்டு மட்டும் போதும் என்று நான் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

---

ராத்திரி_சாதகம் (செவ்வாய், மதியம் 1:15)

பாட்டு மட்டும் போதும் என்றுதானே சார் ஞாயிற்றுக்கிழமை சொன்னீர்கள்?

---

பழைய_ரசிகன் (செவ்வாய், மதியம் 1:40)

ஞாயிற்றுக்கிழமை காபி குடிக்கவில்லை.

---

உறையூர்_அம்மா (வியாழன், இரவு 8:45)

இவ்வளவு பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் மாமியாருக்குப் படித்துக் காட்டினேன். "அந்தக் காபிக்காரர் சொல்றது சரி" என்றார். எந்தப் பதிவு என்று சொல்லவில்லை.

நேற்று வகுப்பு முடிந்ததும் கேட்டேவிட்டேன். "சார், நீங்கள் யாரிடம் கற்றுக்கொண்டீர்கள்?" வில்லடி சார் சொன்னது நூற்றுக்கு நூறு. நாலு மாதத்தில் பேசாததை நாற்பது நிமிடத்தில் பேசினார். மகள் தூங்கியே போய்விட்டாள்.

திருவாரூர் பக்கம் நாகஸ்வரக் குடும்பம். தாத்தா கோயில் நாகஸ்வரம், அப்பா தவில். இவரும் பத்து வயதில் நாகஸ்வரம்தான் ஆரம்பித்தாராம். கையில் வாத்தியம் வருவதற்கு முன் இரண்டு வருடம் பாட்டு. அப்புறம் நாகஸ்வரத்தின் ஊதும் முனையான சீவாளி வைத்து வெறும் ஸ ஊதுவது மட்டும் மாதக்கணக்கில். விடிகாலை நாலு மணிக்குக் குளக்கரையில். மூச்சுத் தொந்தரவு வந்து ஊத முடியாமல் போயிற்று. அப்பா மாவட்ட அரசு இசைப் பள்ளியில் கொண்டுபோய் வயலினில் சேர்த்தார். மூன்று வருடம் அங்கே, பிறகு இசைக் கல்லூரி. "நாகஸ்வரத்தை விட்டுட்டேன்னு எல்லாரும் சொல்வாங்க. நான் விடலைம்மா, மூச்சைக் கையில மாத்திக்கிட்டேன்" என்றார்.

அப்போதுதான் எனக்குச் சிலது புரிந்தது. அவர் வில்லை "இழு" என்று சொன்னதே இல்லை. "ஊது" என்பார். மகளும் வீட்டில் அப்படித்தான் சொல்வாள், நான் ஏதோ விளையாட்டு என்று நினைத்தேன். வில்லின் ஒரு முனையில் ஆரம்பித்து எட்டு எண்ணும் வரை சத்தம் நடுங்கக் கூடாது, நடுவில் தடிக்கக் கூடாது. சாமி ஊர்வலத்தில் நாகஸ்வரத்தில் வாசிப்பார்களே, அந்த மல்லாரி கேட்டிருக்கிறாயா என்று அவளிடம் கேட்டுவிட்டு வாயாலேயே வாசித்துக் காட்டினார். தெருவில் போன ஒருவர் நின்று கேட்டுவிட்டுப் போனார்.

பொறுக்க முடியாமல், விரல் எப்போது சார் என்றேன். "அவ எப்பவோ வைக்க ஆரம்பிச்சுட்டா, உங்களுக்குத் தெரியாது" என்றார்.

---

வில்லடி (வியாழன், இரவு 9:20)

மூச்சைக் கையில் மாற்றிக்கொண்டேன் என்றாரா! ஆறு வாரத்தில் விரல் வைப்பேன் என்று பெரிதாக எழுதினேனே, அவர் படித்திருந்தால் சிரித்திருப்பார். நாகஸ்வரக்காரர்களுக்கு நாதம்தான் முதல், ஹரிகதைக்காரனுக்கு ஓட்டம் முதல். நான் என் பிள்ளைகளை அவரிடம் ஒரு மாதம் அனுப்பிவைத்தால் நல்லது என்று தோன்றுகிறது, அவர் ஒப்புக்கொண்டால்.

---

கிரேடு_ஐந்து (வெள்ளி, காலை 7:50)

ஊது என்ற சொல்லைத் திருடிக்கொள்கிறேன். நேற்றே ஒரு மாணவனிடம் முயற்சி செய்தேன். வில்லில் வாயை வைத்து ஊதிக் காட்டினான். இன்னும் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கும்.

நாலு மாதம் அதிகம் என்ற கருத்தை மட்டும் விட மாட்டேன். உங்கள் மகளுக்குப் பொறுமை இருக்கிறது. எல்லாப் பிள்ளைகளுக்கும் இருக்காது. இப்படி ஆரம்பித்து ஓடிப்போன குழந்தைகளை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

---

வில்லடி (வெள்ளி, காலை 8:30)

அது நியாயமான கேள்வி. என்னிடமே அப்படிச் சிலர் போயிருக்கிறார்கள். பதில் இல்லை.

---

உறையூர்_அம்மா (ஞாயிறு, மாலை 6:30)

கடைசியாக ஒன்று சொல்லிவிடுகிறேன். இன்று மதியம் நான் சமையலறையில் இருந்தேன். மகள் அறைக்குள் வயலின் எடுத்த சத்தம் கேட்டது. வழக்கம்போல ஸ, ப என்று நினைத்தேன். ஸ வந்தது. அப்புறம் ரி. நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்றேன். க வந்தது, ஆனால் கொஞ்சம் கீழே, எனக்கே தெரியும் அளவுக்குத் தப்பு. நிறுத்தினாள். முதலிலிருந்து திருப்பி வாசிப்பாள் என்று பார்த்தால், வில்லைத் தூக்கிவிட்டு வாயால் "ஸ ரி க" என்று பாடினாள். சரியாகப் பாடினாள். மறுபடி வில்லை வைத்து, கீழேயிருந்து விரலை மெதுவாக நகர்த்திக்கொண்டே போய், பாடின இடம் வந்ததும் நிறுத்தினாள். எட்டிப் பார்த்தேன். பலகையைப் பார்க்கவே இல்லை, எதிரில் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாமியாரும் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. டிவி சத்தத்தை மட்டும் குறைத்தார்.

இன்னொரு உதவி. ரோசின் தூள் அவளுடைய பட்டுப் பாவாடையில் வெள்ளையாகப் படிந்துவிட்டது. தண்ணீர் போட்டுத் துடைத்தால் போகுமா?

---

ராத்திரி_சாதகம் (ஞாயிறு, இரவு 10:55)

தண்ணீர் வேண்டாம், பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். காய்ந்த மெல்லிய துணியால் தட்டிவிடுங்கள், தேய்க்காமல். வாசித்து முடித்ததும் தந்தியையும் பலகையையும் அதே மாதிரித் துடைத்து வைக்கச் சொல்லுங்கள். பட்டுப் பாவாடையை விசேஷத்துக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

---

உறையூர்_அம்மா (திங்கள், காலை 7:05)

அதையும் சொல்லிப் பார்த்தேன். சார் வேட்டி கட்டிக்கொண்டுதானே வருகிறார், நான் மட்டும் ஏன் நைட்டியில் வாசிக்க வேண்டும் என்கிறாள்.